நிலாவெளி உப்பளத்து உள்ளானும் ஒரு மனக்கசப்பும்

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பறவை பார்க்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் எங்கள் ஊர் அண்ணா ஒருவர். போன சித்திரை மாதம் நிலாவெளி உப்பளத்தில், பொழுது சாயும் நேரம், கொசு உள்ளான் என்ற சிறு கரையோரப் பறவைகளின் கூட்டத்துக்குள் தொண்டை சிவந்த ஒன்றைக் கண்டேன், பதினைந்து நிமிடம் பார்த்தேன். அபூர்வமான செங்கழுத்து உள்ளான் என்று முடிவெடுத்து, எங்கள் பறவை வட்டத்தில் படத்தைக் காட்டினேன். "அது சும்மா கொசு உள்ளான்தான், பின்னேர வெயிலுக்கு அப்படித்தான் தெரியும்" என்று அண்ணா எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். சிரித்தார்கள். ஒரு கிழமைக்குள் அதே உப்பளத்தில் அவரே, காலை வெயிலில், தொண்டை தெளிவாகச் சிவந்த செங்கழுத்து உள்ளானைப் படமெடுத்து அறிவித்தார். இப்போது பதிவு அவர் பெயரில் இருக்கிறது. என்னை யாரும் நினைக்கவே இல்லை. இனி எதைக் கண்டாலும் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இருக்கிறேன். வேறு ஊரில் எடுத்த படத்தை இங்கே எடுத்ததாகக் காட்டிப் பெயர் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது? என் படத்தையும், அன்றிரவு வீட்டில் புத்தகம் பார்த்த பிறகு எழுதிய குறிப்பையும் இத்துடன் அனுப்புகிறேன். உண்மையைச் சொல்லுங்கள். ஒரு ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

படத்திலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பறவை செங்கழுத்து உள்ளானாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் பதிவுகளை ஏற்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து அதை ஏற்கமாட்டேன்.

ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். கொசு உள்ளான், செங்கழுத்து உள்ளான் இரண்டும் சிட்டுக்குருவி அளவே உள்ளவை. குளிர்காலத்தில் இரண்டுக்கும் மேலே சாம்பல், கீழே வெள்ளை, கறுப்புக் கால். அந்த உடையில் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம். சித்திரையில் வடக்கே திரும்புவதற்கு முன் இனப்பெருக்கச் சிறகு முளைக்கும்போதுதான் வேறுபாடு வெளியே வரும். அப்போதும் 'சிவப்பாக இருந்தது' என்பது போதாது, ஏனென்றால் கொசு உள்ளானுக்கும் கன்னத்திலும் மார்பின் பக்கங்களிலும் செம்மை ஏறும். ஆனால் அதன் தாடையும் தொண்டையும் வெள்ளையாகவே நிற்கும். மார்பின் ஓரத்திலுள்ள கறும்புள்ளிகள் அந்தச் செம்மைக்குள்ளேயே இருக்கும். செங்கழுத்து உள்ளானில் தொண்டையே செங்கல் நிறமாகிவிடும். புள்ளிகள் அந்தச் சிவப்புக்குக் கீழே, வெள்ளைப் பரப்பில் விழும். அப்புறம் இறக்கை. கொசு உள்ளானின் இறக்கை மூடுசிறகுகளுக்குச் செம்பழுப்பு ஓரம் இருக்கும். மற்றதில் அவை பெரும்பாலும் சாம்பலாகவே இருக்கும், அதனால் முதுகு ஒரு நிறம், இறக்கை ஒரு நிறம் என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். செங்கழுத்து உள்ளானின் உடல் சற்று நீளம், கால் சற்றுக் குட்டை. கொசு உள்ளான் கொஞ்சம் உயர்ந்த காலில் நிமிர்ந்து நிற்கும், அலகின் நுனியும் கூர்மை.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். பறவை தலை குனிந்து சேற்றைக் குத்துகிறது. தாடை தெரியவே இல்லை. வெயில் தாழ்ந்து பக்கத்தில் நிற்கும் பறவைகளின் வெள்ளை வயிறுகூட ஆரஞ்சாக இருக்கிறது. ஆகவே அண்ணா சொன்ன வெயில் காரணம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை, நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அத்தனை ஆரஞ்சு வெயிலிலும் உங்கள் பறவையின் இறக்கை சாம்பலாகத் தெரிகிறது. அந்த வெயில் சாம்பலைச் சிவப்பாகக் காட்டலாம், செம்பழுப்பு ஓரத்தைச் சாம்பலாகக் காட்டாது. இதனால்தான் நான் உங்கள் பக்கம் சாய்கிறேன். சாய்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு.

படத்தில் இல்லாததைக் குறிப்பு ஈடுசெய்திருக்கலாம். நீங்கள் பதினைந்து நிமிடம் பார்த்திருக்கிறீர்கள். அதற்குள் பறவை எத்தனையோ தடவை தலையை நிமிர்த்தியிருக்கும். ஆனால் வீட்டுக்குப் போய், புத்தகத்தைப் பார்த்த பிறகு, இரவில்தான் குறிப்பு எழுதியதாகச் சொல்கிறீர்கள். கடிதத்தோடு வந்த அந்தக் குறிப்பை வாசித்தேன். அதில் நீங்கள் கண்ட பறவையைவிடப் புத்தகத்தில் உள்ள பறவைதான் அதிகம் இருக்கிறது. இது நேர்மைக் குறைவு இல்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்யும்: வாசித்ததைக் கண்டதாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால் கொப்பியும் பென்சிலும் உப்பளத்திலேயே வெளியே வரவேண்டும், புத்தகம் பையிலிருந்து வருவதற்கு முன்னால். வெயில் எந்தப் பக்கம், எத்தனை மீற்றர் தூரம், பக்கத்தில் என்ன நின்றது, அதைவிட இது பெரிதா சிறிதா, கால் நிறம், அலகு, தொண்டை, புள்ளிகள் எங்கே, பறந்தபோது என்ன சத்தம் போட்டது என்று எழுதுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கோட்டுருவம் போட்டு அம்புக்குறி இடுங்கள். பார்க்க முடியாததையும் எழுதுங்கள். "தாடை சரியாகத் தெரியவில்லை" என்ற ஒரு வரி இருக்கும் குறிப்பில் மற்ற எல்லா வரிகளையும் நான் அதிகமாக நம்புவேன்.

உப்பளத்துக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. சேறு அப்பிய மஞ்சள் கால் கறுப்பாகத் தெரியும். அப்படி ஏமாந்தால் டெம்மிங்க் உள்ளானும் நீளவிரல் உள்ளானும் கொசு உள்ளானாகிவிடும். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு பாத்திகளின் மேல் கானல் ஆடத் தொடங்கினால் அலகின் நீளத்தைப் பற்றிப் பேசுவதே வீண். விடிந்ததும் போங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். கிழக்குக் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது, அதை வைத்து எந்த வரம்பில் நிற்பது என்று முதல் நாளே பார்த்து வைக்கலாம்.

சரி, அண்ணாவுக்கு வருவோம்.

"இந்தப் படத்தை வைத்து உறுதிப்படுத்த முடியாது" என்று அவர் சொல்லியிருந்தால் அது சரியான தீர்ப்பு. "கொசு உள்ளான்தான்" என்று அடித்துச் சொன்னது பிழை. அதற்கும் அந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. உறுதி, உறுதியில்லை, பிழை என்ற மூன்றில் நடுவில் உள்ளதைச் சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. அனுபவம் கூடக் கூட இது இன்னும் கஷ்டமாகிறது, ஏனென்றால் சுற்றி நிற்பவர்கள் மூத்தவரிடம் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். நாலு பேர் முன்னால் அதைச் சொன்னது இன்னொரு பிழை.

அவர் பிறகு எடுத்த படத்தின் கதை வேறு. நீங்கள் எழுதியபடி, அதில் தொண்டை தெளிவாகச் சிவந்திருக்கிறது, காலை வெயில். அப்படியானால் அந்தப் பதிவு சரியான பதிவு. அதை எதிர்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டபிறகுதான் அவர் அங்கே தேடிப் போயிருந்தால், "இன்னார் முன்பே இங்கே ஒன்றைக் கண்டதாகச் சொன்னார், அதனால் போனேன்" என்ற ஒரு வரி அந்தப் பதிவில் இருந்திருக்க வேண்டும். பறவை பார்ப்பவர்களிடையே இது எழுதாத மரியாதை. அந்த வரியை அவர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது என் கருத்து.

அதைக் கேட்டு வாங்குங்கள். தனியாக, அவர் வீட்டிலோ தேநீர்க் கடையிலோ. "அண்ணா, நீங்க எடுத்தது நான் சொன்ன அதே பறவையாக இருக்கலாம்தானே? பதிவில் என்ர திகதியையும் ஒருக்கா சேர்ப்பீங்களா?" என்று கேட்டால் போதும். அன்று சிரித்ததை அந்தப் பேச்சில் இழுக்கவேண்டாம். உங்களுக்கு முதல்முதலில் உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்துக் காட்டியவர் அவர். அந்த வரியை மறுக்க அவருக்கு நல்ல காரணம் இருக்காது. மறுத்தால், உங்கள் குறிப்பையும் படத்தையும் திகதியோடு நீங்களே அனுப்புங்கள். 1943 இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப்பும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து உருவான களப் பறவையியல் குழுவும் இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்து வைப்பவை. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்திலும் இடலாம். அங்கே 'இரண்டில் ஒன்று' என்று பதியவும் வழி உண்டு. உங்கள் பதிவை 'இருக்கலாம்' என்று அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் அதே இடத்தில் உறுதியான படம் வந்திருப்பதால், உங்களுடையதைப் பார்ப்பவர் அதையும் சேர்த்தே பார்ப்பார்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த வேற்றூர்ப் படம் பற்றியது. "நேர்மையாக இருந்து என்ன கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மை இல்லாததால் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் என்று ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி. தன் காலத்தில் பறவை உலகில் பெரிய பெயர். அருங்காட்சியகத்திலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, அவற்றைத் தான் வேறோர் இடத்தில், வேறொரு திகதியில் சேகரித்ததாகச் சீட்டு எழுதி ஒட்டியவர் என்பது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் முழுமையாக வெளிப்பட்டது. இந்தியாவில் காட்டுச் சிற்றாந்தை என்று ஓர் அரிய இனம். அதன் கடைசிப் பதிவு 1914 இல் குஜராத்தில் தான் சேகரித்தது என்று அவர் காட்டியிருந்தார். உண்மையில் அது முப்பது வருடத்துக்கு முன் வேறொருவர் சேகரித்த ஆந்தை. அந்தப் பொய்ச் சீட்டை நம்பித் தேடியவர்கள் பிழையான இடத்தில் தேடினார்கள். அமெரிக்கப் பறவையியலாளர் பமெலா ராஸ்முசன் அந்தச் சீட்டைச் சந்தேகித்து, அதைத் தள்ளிவைத்துவிட்டு, உண்மையான பழைய சீட்டுகள் காட்டிய இடங்களை நோக்கித் தன் நண்பர்களோடு போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில், எல்லாரும் அழிந்துவிட்டதாகப் பயந்த அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் கிளையில் இருந்தது. அருகிப்போன ஓர் இனத்தை எங்கே தேடிக் காப்பாற்றுவது என்பதையே ஒரு மனிதனின் புகழாசை மறைத்து வைத்திருந்தது.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் 1892 முதல் 1930 வரை வந்ததாகச் சொல்லப்பட்ட அரிய பறவைகளின் கதையும் இதேதான். உள்ளூரில் சுடப்பட்டது என்றால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள், அதனால் வெளியிலிருந்து வந்தவையும் அங்கே சுடப்பட்டதாகக் காட்டப்பட்டன என்று சந்தேகம். 1962 இல் அந்தப் பதிவுகள் மொத்தமாகத் தள்ளப்பட்டன. அப்போது அவற்றோடு உண்மையான பதிவுகளும் போயிருக்கக்கூடும். திருகோணமலை போன்ற, பதிவுகளே குறைவான ஒரு மாவட்டத்தில் இரண்டு பொய்ப் படங்கள் போதும், மற்ற எல்லாருடைய உண்மையும் சந்தேகத்துக்குள்ளாக. ஏறக்குறைய முப்பது வருடப் போரில் இந்தக் கரையின் பெரும்பகுதியில் யாரும் ஆறுதலாக நின்று பறவை எண்ண முடியவில்லை. கொக்கிளாய்க் களப்பு 1951 இலேயே சரணாலயமானது. ஆனாலும் அங்கே இடைப்பட்ட பல மாரிகளில் என்னென்ன வந்தன என்பதை இப்போது திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. இப்போது எழுதுகிறவர்கள் அந்த வெற்றிடத்தின் பக்கத்தில் எழுதுகிறீர்கள். அதனால் உங்கள் தலைமுறையின் கொப்பிகள் மீது எனக்கு இத்தனை அக்கறை.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1995 இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட ஒரு குரலைக் கேட்டார். இலங்கையின் எந்த ஆந்தையின் குரலோடும் அது பொருந்தவில்லை. பெயர் வைக்க அவசரப்படாமல் அந்தக் குரலின் பின்னால் போனார். பறவையைக் கண்ணால் தெளிவாகக் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். 2004 இல் அவரும் அதே ராஸ்முசனும் சேர்ந்து அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். இன்று அதுதான் செரண்டிப் ஆந்தை. இலங்கையில் நூறு வருடத்துக்கு மேல் புதிய பறவை இனமே கண்டறியப்படாதிருந்த நிலையில் வந்த கண்டுபிடிப்பு அது. ஆறு வருடம் 'இன்னதென்று தெரியாத குரல்' என்ற நிலையிலேயே அதைத் தாங்கிக்கொள்ள முடிந்த மனிதருக்கு அந்த முதன்மை கிடைத்தது. உங்கள் அண்ணாவிடம் நான் எதிர்பார்த்ததும், உங்களிடம் எதிர்பார்ப்பதும் இந்தப் பொறுமைதான்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். விடிய முன் எழுந்து புல்மோட்டை வீதியில் மோட்டார் சைக்கிளில் போக வைப்பது அந்த ஆசைதான். இன்னொருவர் கண்டதைத் தானும் காணவேண்டும் என்ற துடிப்பு இல்லாவிட்டால் இந்தக் கரையில் பாதிப் பறவைகள் கண்ணில் படாமலே வந்து போகும். ஆனால் போட்டி போடுவதானால் கூர்ந்து பார்ப்பதில் போடுங்கள். கூட்டத்தை நூறு கொசு உள்ளான் என்று எழுதிவிட்டுப் போகாமல், ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் உங்கள் திறமை. அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை.

சொல்லாமல் மறைப்பது பற்றி. மறைக்க வேண்டியவை உண்டு, கட்டாயம் உண்டு. மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தியின் கூடு, சிறு ஆலாக்களின் முட்டைகள், ஆந்தை பகலில் தூங்கும் மரம் இவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள், அண்ணாவுக்கும்தான். கமராவோடு ஆறு பேர் சுற்றி நின்றால் தாய் எழும்பிவிடும். நண்பகல் மணலில் நிழலில்லாத முட்டை சில நிமிடங்களில் அவிந்துபோகும். பின்னால் காகமும் நாயும் காலடியைப் பார்த்து வரும். ஆனால் உப்பளத்தில் இரை தேடும் ஓர் உள்ளானை மறைப்பதால் யாருக்கு நன்மை? மறுநாள் இன்னொருவர் போய் நல்ல வெளிச்சத்தில் பார்க்கும் வாய்ப்பு மட்டும் போய்விடும். கொஞ்சம் யோசியுங்கள்: நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அண்ணாவின் அந்தப் படமே இல்லை, உங்கள் பறவை என்றைக்கும் 'ஒருவேளை'யாகவே போயிருக்கும். சொல்லும்போது எவ்வளவு தள்ளி நின்று பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்திரையில் அந்தப் பறவைகள் சைபீரியா வரை பறப்பதற்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. படத்துக்காக வரம்பு வரம்பாகத் துரத்தினால் அந்தச் சேமிப்பைத்தான் கரைக்கிறோம்.

இன்னொன்று. அபூர்வமானதைத் தேடும் அவசரத்தில் உங்கள் காலடியில் ஓடுவதை விட்டுவிடாதீர்கள். இலங்கைக் கரையோரத்தில் வருடம் முழுக்க இருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியை 'சாதாரணம்' என்று எல்லாரும் ஒதுக்கினோம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஓர் ஆய்வு, மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இங்கேயே இனப்பெருக்கம் செய்வது தனி இனம் என்று 2023 இல் காட்டியது. அனுமான் உப்புக்கொத்தி என்று பெயர். 1915 இலேயே ஒரு துணையினமாக எழுதிவைக்கப்பட்ட பறவைதான். வடக்கிலிருந்து வரும் கெண்டிஷை விடச் சிறியது, இறக்கையும் அலகும் சற்றுக் குட்டை. மாரி காலத்தில் இரண்டும் ஒரே மணலில் ஓடக்கூடும். இறக்கக்கண்டிக் கரையிலும் உப்பள வரம்புகளிலும் எது எப்போது, எத்தனை என்று ஒழுங்காக எழுதிவைக்கும் ஒருவர் இப்போது தேவை. அந்த வேலையில் உங்களோடு போட்டிக்கு வர ஆள் குறைவு.

கடைசியாக ஸ்கோப். உங்கள் பிரச்சினை அதனால் தீராது, ஆனால் உப்பளத்துக்கு அது உதவும், எனவே முடிந்தால் வாங்குங்கள். முதலில் கையிலுள்ள பைனாகுலர் 8 அல்லது 10 மடங்காக, முன் கண்ணாடி 42 மில்லிமீற்றராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் காசு அதற்கு. ஸ்கோப்பில் '60 மடங்கு' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், நம் வெயிலில் பெரும்பாலும் 30 மடங்குக்குள்தான் பார்ப்பீர்கள். முன் கண்ணாடி 65 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். எதில் மிச்சம் பிடித்தாலும் முக்காலியில் பிடிக்காதீர்கள், வாடைக் காற்றில் மெல்லிய முக்காலி ஆடினால் எந்த ஸ்கோப்பும் பயன்படாது. புதிதாக வாங்க இயலாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம், அண்ணாவையும் கேட்டுப் பாருங்கள். உப்பளத்துக்குள் போக முன் அங்கே பொறுப்பாக இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடற்படை முகாம் இருக்கும் பக்கமாக ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள், கேட்டால் காட்டுவதற்குக் குறிப்புக் கொப்பி கையில் இருக்கட்டும். ஆவணி, புரட்டாதியில் முதல் கூட்டங்கள் இறங்கத் தொடங்கும். அவற்றில் சில இன்னும் இனப்பெருக்கச் சிறகின் மிச்சத்தோடு வரும், தொண்டையைப் பார்க்க அது நல்ல நேரம். இந்த முறை எழுதும் குறிப்பைப் புத்தகத்தைத் திறக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வாசித்து எழுதுகிறேன்.